கையில கட்டற ஃபிட்னஸ் பேண்டு: 14 மாசம் கட்டிப் பாத்துட்டு எழுதறேனுங்க

பொண்ணு வாங்கிக் குடுத்தது. விலை 2,299 ரூவா, போன வருசம் ஆடித் தள்ளுபடியில கோயமுத்தூர் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுல ஒரு கடையில எடுத்தது. கம்பெனி பேரு சொல்லலீங்க, இந்த ரேட்டுல இருக்கற பேண்டு எல்லாமே ஒரே வேலையைத்தான் பண்ணுது, டப்பா மேல இருக்கற பேருதான் வேற. அடி எண்ணும், நாடி பாக்கும், தூக்கம் பாக்கும், போன் வந்தா கையில கிர்ர்னு உதறும், அவ்ளோதான்.

எனக்கு இப்ப 67. ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல 34 வருசம், இப்ப வடவள்ளியில ஊட்டோட இருக்கேன். பிரஷர் மாத்திரை ரெண்டு வேளை, சர்க்கரை இப்பவோ அப்பவோன்னு வாசல்ல நிக்குது. பொண்ணு பக்கத்துத் தெருவுலதான் இருக்குது, "அப்பா நீங்க நடக்கறேன் நடக்கறேன்னு சொல்லிப்போட்டு டீக்கடையில உக்காந்துக்கறீங்க, இதைக் கட்டுங்க, நான் போன்ல பாத்துக்கறேன்"னுச்சு. அதாவது எனக்கு சூப்பர்வைசர் வெச்சாச்சு. பேரன் வேற "அப்பிச்சி, இன்னைக்கு எவ்ளோ ஸ்டெப்பு?"ன்னு சாயந்தரம் ஸ்கூல் வேன்ல இருந்து எறங்கறப்பவே கேப்பான்.

மில்லுல ஒரு பழக்கமுங்க, எந்த மீட்டர் வந்தாலும் அதை நம்பறதுக்கு முன்னாடி அதையே ஒருக்கா சோதிச்சுப் போடணும். டேக்கோ மீட்டர்ல ஸ்பிண்டில் வேகம் எடுத்தாலும் இன்னொரு டேக்கோவை வெச்சு ஒத்துப் பாக்காம லாக் புக்குல எழுத மாட்டோம். நூல் எவ்ளோ சன்னம்ங்கற கணக்குதான் கவுண்ட்டு, 40 கவுண்ட் நூல்னு கோன் மேல எழுதியிருந்தா மட்டும் ஆச்சா, 120 கெஜம் சுத்தி எடை போட்டுப் பாத்தாத்தான் அது 40ஆ 38ஆன்னு தெரியும். அதனால பேண்டையும் சோதிச்சேன். ஊட்டுல சிரிச்சாங்க, சிரிக்கட்டும்.

எங்க தெருவுல நானே வாயால 500 அடி எண்ணிக்கிட்டு நடந்தேன், கையை நல்லா வீசி. பேண்டு 488 காமிச்சுது. பரவால்லியேன்னு இருந்துச்சு. அப்புறந்தான் வெவகாரம். நான் எப்பவும் ரெண்டு கையையும் பின்னாடி கோத்துக்கிட்டு நடக்கறவன், என் வயசு ஆளுக பாதிப் பேரு அப்படித்தான், பார்க்குல பாருங்க. அப்படியே 500 நடந்தேன், 290. காய்ப் பைய ஒரு கையில, கொடைய இன்னொரு கையில புடிச்சுக்கிட்டு உழவர் சந்தையில இருந்து வந்தேன், அதுவும் கொறைச்சல்தான். காரணம் என்னன்னா இதுக்குள்ள இருக்கறது அசைவு பாக்கற ஒரு சின்ன சென்சார், அது காலைப் பாக்கறதில்லீங்க, கையைப் பாக்குது. கை ஆடுனா அடி, ஆடலீன்னா நீங்க மருதமலைக்கே நடந்து போனாலும் அதுக்கு அக்கறையில்லை. இப்ப கையை வீசி நடக்கப் பழகிட்டேன், எதிர் ஊட்டுக்காரர் "என்னங்க, மிலிட்டரிக்கு எடுத்துட்டாங்களா"ன்னு கேக்கறாரு.

கொறைச்சுக் காட்டறது ஒரு பக்கம்னா எச்சாக் காட்டறது இன்னொரு பக்கம். போன மாசம் ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க, சந்தகை பண்ணலாம்னாங்க. சந்தகை தெரியாதவங்களுக்கு: எங்க கோயமுத்தூர்ப் பக்கம் புழுங்கலரிசியை அரைச்சு இட்லியா வேக வெச்சு, சூடு ஆறறதுக்குள்ள மூணு கால் வெச்ச இரும்பு அச்சுல போட்டு மேல இருக்கற கைப்புடிய முறுக்கிப் புழியணும், இடியாப்பம் மாதிரி வரும். தேங்காய்ப்பால் ஊத்திச் சாப்புடலாம், எலுமிச்சை போட்டுத் தாளிச்சுக்கலாம். புழியற வேலை எப்பவும் என்னுதுதான். சூடா இருந்தாத்தான் எறங்கும், ஆறிட்டா பசை மாதிரி ஆகி கைப்புடி நவுறாது, அதனால நிறுத்தாம முறுக்கணும். ஏழெட்டு ஈடு புழிஞ்சு முடிச்சு வேர்வை தொடைச்சுக்கிட்டு பேண்டைப் பாத்தா 640 அடி நடந்திருக்கேனாமா! நின்ன எடத்தை விட்டு ஒரு இன்ச் நவுறலீங்க. ஆனா அது உண்மையாவே வேலைதான, அதனால நான் அந்தக் கணக்கைக் கழிக்கல, நியாயமா எனக்குச் சேர வேண்டியதுதான்னு விட்டுட்டேன். எக்ஸெல் வண்டியில போறதுதான் மோசம், சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட ரோட்டுல போயிட்டு வந்தா குலுங்கற குலுக்கலுக்கு 200, 300 அடி சும்மா ஏறிக்கும். பொண்ணுக்கு இது தெரியாது. தெரிய வேண்டாம்.

பெரிய சோதனை ஒண்ணு பண்ணுனேன், மருதமலைப் படி. அடிவாரத்துல தான்தோன்றி விநாயகர் கோயில்ல இருந்து மேல முருகன் சன்னதி வரைக்கும் 837 படின்னு எல்லாருக்கும் தெரியும். காலையில வெயிலுக்கு முன்னாடி ஏறுனேன், நடுவுல இடும்பன் சன்னதியில சித்த நேரம் உக்காந்தேன். மேல போயி பாத்தா 1,300 சொச்சம். மொதல்ல இது பொய் சொல்லுதுன்னு நெனைச்சேன், அப்புறம் எறங்கறப்ப கவனிச்சா படிக்கும் படிக்கும் நடுவுல சமதளமா அகலமான எடம் நெறைய வருது, ஒரு படிக்கு ரெண்டு மூணு எட்டு வெக்க வேண்டி இருக்குது. ஆகவே அங்க தப்பு என் கணக்குலதான். ஆனா பாருங்க, அவ்ளோ தூரம் மூச்சு வாங்க ஏறுனதுக்கும் ரோட்டுல சமமா நடக்கறதுக்கும் இதுக்கு வித்தியாசமே தெரியல. ரெண்டும் அடிதான். ஒசரம் பாக்கற சென்சார் விலை கூடுன மாடல்லதான் இருக்குமாம்.

அடுத்தது அந்தப் பத்தாயிரம். பேண்டை டப்பாவுல இருந்து எடுத்ததுமே தினம் 10,000 அடின்னு அதுவே டார்கெட் போட்டு வெச்சிருந்துது. மொத ரெண்டு வாரம் அதுக்கோசரம் ராத்திரி சாப்புட்டுட்டு ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன், ஊட்டுக்காரம்மா "ஏனுங்க, தலை சுத்துது, சித்த உக்காருங்க"ன்னாங்க. முழங்கால்ல வலி வந்ததுதான் மிச்சம். அப்புறம் மாப்பிள்ளைதான் தேடிப் பாத்துச் சொன்னாரு, இந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்ச கணக்கு இல்லையாம், 1965ல ஜப்பான்ல யமாசான்னு ஒரு கம்பெனி இடுப்புல மாட்டற அடி எண்ற மீட்டர் கொண்டுவந்து அதுக்கு மன்போ-கேன்னு பேரு வெச்சாங்க, அதுக்கு அர்த்தமே பத்தாயிரம் அடி மீட்டர்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூடு, ஜனங்க உடம்பைப் பாத்துக்கணும்னு இருந்த நேரம், வியாபாரம் ஆயிருச்சு. சைஸிங்குல, அதாவது நெசவுக்கு முன்னாடி, நூலுக்குப் போடற கஞ்சி மாதிரி, ஒருக்கா ஒட்டுனது இன்னைக்கு வரைக்கும் உரியல. அமெரிக்காவுல 2019ல வயசான பொம்பளைங்களை, சராசரி 72 வயசு, பதினாறாயிரத்துச் சொச்சம் பேர வெச்சு பாத்ததுல தினம் 2,700 அடி நடக்கறவங்களை விட 4,400 நடக்கறவங்க சாவு விகிதம் நல்லாவே கொறைஞ்சிருக்குது, 7,500க்கு மேல போனா பெருசா எச்சு லாபம் இல்லீன்னு வந்திருக்குது. ஆம்பளைங்கள அதுல பாக்கல, ஆனா எனக்கு அது போதும், டார்கெட்டை 6,000ன்னு மாத்திப்போட்டேன். மாத்தற எடம் போன்ல இருக்கற பேண்டோட ஆப்புக்குள்ள (app) மூணு மெனுவுக்கு அடியில ஒளிஞ்சு கெடக்குது, அதையும் பேரன்தான் கண்டுபுடிச்சான்.

இதோட இன்னொண்ணு. நான் தினம் பண்றதுல எனக்கே நல்லது பண்ணுதுன்னு தெரியற சமாச்சாரம் எதையும் இது எண்றதே இல்லீங்க. காலையில பால் பொங்கற வரைக்கும் அடுப்பு மேடையைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிப்பேன், வலது கால் இருபது எண்ற வரைக்கும், அப்புறம் இடது. நாற்காலியில கையூணாம பத்து தடவை உக்காந்து எந்திரிப்பேன். குதிகாலைத் தூக்கி எறக்கறது இருபது. பார்க்குல எட்டு நடை பதினஞ்சு நிமிசம், அதுல கூட வளைவுல மெதுவா வெக்கற அடியப் பாதி விட்டுப்போடும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுல 65க்கு மேல இருக்கறவங்க வாரத்துக்கு 150 நிமிசம் நடையோட சேத்து, விழுகாம இருக்கறதுக்கு பேலன்ஸ் பயிற்சி மூணு நாளாவது பண்ணணும்னு தனியாவே சொல்லியிருக்காங்க. ஒத்தக்கால்ல நிக்கறதை இந்த பேண்டு என்னன்னு பதியுதுன்னு பாத்தேன். "நீங்க நெம்ப நேரமா அசையாம இருக்கீங்க, எந்திரிங்க"ன்னு உதறுச்சு. அதுல பதறி கால் கீழ வெச்சுப்போட்டேன்.

நாடி பாக்கறது பத்தி. பின்னாடி பச்சை லைட்டு அடிக்குது பாத்தீங்களா, ரத்தம் பச்சை வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், இதயம் ஒவ்வொரு தடவை அடிக்கறப்பவும் மணிக்கட்டுல ரத்தம் கூடும், திரும்பி வர்ற வெளிச்சம் கொறையும், அந்தக் கணக்குதான். சும்மா உக்காந்திருக்கறப்ப கையில நானே விரல் வெச்சு ஒரு நிமிசம் எண்ணிப் பாத்தேன், நான் 62, அது 63. சபாஷ். நடக்கறப்ப பட்டை லூஸா இருந்தா கன்னாபின்னான்னு 140ன்னு காமிக்கும், ஒரு விரல் மட்டும் நுழையற அளவுக்கு இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேல கட்டுனா சரியாகுது. ஆனா இதுல வயசானவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. பேண்டு 220ல இருந்து வயசைக் கழிச்சு எனக்கு மேல்வரம்பு 153ன்னு வெச்சுக்கிட்டு அதுக்குத் தக்கன லேசு, மிதம், கடினம்னு கலர் போடுது. நான் முழுங்கற பிரஷர் மாத்திரை மெட்டோப்ரோலால், அது நாடியைக் கூட உடாமப் புடிச்சு வெக்கற மாத்திரை. வேர்த்து ஊத்த வெசையா நடந்தாலும் எனக்கு 95 தாண்டாது, பேண்டு "லேசு"ன்னே சொல்லிக்கிட்டு இருக்கும். ரெண்டு நாள் வீம்புக்கு இன்னும் வெசையாப் போயிப் பாத்தேன், மூச்சு முட்டுச்சு. டாக்டர்கிட்டக் கேட்டதுக்கு, "அந்தக் கலரை வுடுங்க, நடக்கறப்ப பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் உங்க மீட்டர்"னாரு. பாட்டு எனக்கு உக்காந்தாலே வராது, இருந்தாலும் புரிஞ்சுது. இந்த வகை மாத்திரை சாப்புடறவங்க கலரை நம்பி ஓட வேண்டாமுங்க.

பிரஷரும் காமிக்குது இதுல. மேல்கைக்குக் காத்தடிச்சுப் பாக்கற மிஷின்ல 148 வந்த அன்னைக்கு இது 121 காமிச்சுது, அன்னையோட அந்தப் பக்கத்தையே தொறக்கறதில்லை. சர்க்கரை பாக்கற வாட்ச்சுன்னு இப்ப விளம்பரம் வேற வருது. அமெரிக்காவுல மெடிக்கல் சாமானுக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரிக்கை உட்டிருக்காங்க, ஊசி குத்தாம தானே சர்க்கரை அளக்கற வாட்ச்சு, மோதிரம் எதுக்கும் நாங்க அனுமதி குடுக்கலைன்னு. யாராச்சும் தலையில கட்டப் பாத்தா வாங்கிப்போடாதீங்க.

சரி, இவ்ளோ கொறை சொல்றியே, அப்புறம் எதுக்கு 14 மாசமா கட்டிக்கிட்டு இருக்கேன்னா, அதுக்குக் காரணம் டப்பா மேல எங்கயும் போடாத ஒரு சமாச்சாரம்.

மில்லுல மூணு ஷிப்டும் மாறி மாறிப் பாத்தவனுக்குத் தூக்கம்ங்கறது எப்பவுமே தாறுமாறுதான். ரிட்டயர் ஆனப்புறம் மத்தியானம் சாப்புட்டு ஒண்ணரைக்குப் படுத்தா மூணு மணி வரைக்கும் சவம் மாதிரி கெடப்பேன். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா ஒரு மணிக்கு முழிப்பு, அப்புறம் ஃபேனைப் பாத்துக்கிட்டே கெடக்கறது. வயசாயிட்டா அப்படித்தான்னு நெனைச்சுக்கிட்டேன். பேண்டுல தூக்கம் பாக்கறதை வெச்சு தினம் காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி ரெண்டு நம்பர் குறிச்சேன், மத்தியானம் எவ்ளோ, ராத்திரி எவ்ளோ. மத்தியானத்தைக் கடிகாரம் பாத்து நானே எழுதிக்கிட்டேன், ஏன்னா பகல்ல தூங்கறதை இந்த மாடல் பதியறதில்லை. ரெண்டு மாசம். ஒண்ணரை மணி நேரம் தூங்குன நாளெல்லாம் ராத்திரி அஞ்சு மணி நேரம், அதுக்கும் உள்ள. இருபது நிமிசத்துல எந்திரிச்ச நாள் ஆறரை. தாளை வரிசையா அடுக்கிப் பாத்தா லாக் புக் மாதிரி அப்படியே தெரியுது.

இந்த ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்னு அது போடற பட்டை பட்டையான கலரை நான் நம்பறதில்லீங்க. ஒரு நா சாய்வு நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு அசையாம இருந்ததையே 40 நிமிசம் தூக்கம்னு ராத்திரிக் கணக்கோட சேத்துப்போட்டுது, காலையில அஞ்சே முக்காலுக்கு. ஆனா மொத்தமா எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனைக்கு எந்திரிச்சோம்ங்கறது ஓரளவுக்கு ஒத்து வருது. எனக்கு வேண்டியது அதுதான்.

இப்ப அந்த சமாச்சாரத்துக்கு வர்றேன். இருபது நிமிசத்துல எப்படி எந்திரிக்கறது? போன்ல அலாரம் வெச்சா அது அடிக்கற சத்தத்துல பக்கத்துல படுத்திருக்கற ஊட்டுக்காரம்மா எந்திரிச்சுக்கும், அவங்களுக்குக் கெடைக்கறதே அந்த ஒரு மணி நேரந்தான், அப்புறம் சாயந்தரம் வரைக்கும் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்க. இந்த பேண்டுல சத்தமில்லாத அலாரம் இருக்குதுங்க. கையில மட்டும் கிர்ர், கிர்ர்னு ரெண்டு உதறல். பூனை கையைச் சொரண்டுன மாதிரி. நான் மட்டும் எந்திரிச்சு கதவைச் சாத்திப்போட்டு வெளிய திண்ணைக்கு வந்துருவேன். காலையில 4:50க்கும் அப்படித்தான். கலியாணம் ஆன நாள்ல இருந்து எங்கூட்டுல அலாரம் சத்தமில்லாம விடிஞ்சது இந்த ஒரு வருசமாத்தான். இதுக்காக மட்டும் 2,299 குடுக்கலாம்னு நான் சொல்லுவேன், அடி எண்றதை இனாம்னு வெச்சுக்கோங்க.

உழைப்பு எப்படின்னா, ஒடம்பு கெட்டியாத்தான் இருக்குது, பட்டைதான் சொத்தை. 5 ஏடிஎம்னு, அதாவது எவ்ளோ தண்ணி அழுத்தம் தாங்கும்ங்கற கணக்கு, போட்டிருக்கான், தண்ணியில ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் கழட்டாமக் கட்டியிருந்தேன். அந்த 5 ஏடிஎம் பச்சைத் தண்ணி அழுத்தத்துக்குத்தானுங்க, சுடுதண்ணிக்கும் சீயக்காய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இல்லை. பின்னாடி கண்ணாடியில எண்ணெய் படிஞ்சு நாடி காட்டாமப் போச்சு, துணியில தொடைச்சு சரி பண்ணுனேன், ஆனா பட்டை நாலஞ்சு வாரத்துல பிசுபிசுன்னு ஆகி, கொக்கி மாட்டற ஓட்டை விரிஞ்சு, தானாக் கழண்டு விழ ஆரம்பிச்சுது. வேர்வை அடியில தங்கி மணிக்கட்டுல செவப்பா தடிப்பு வேற. இப்ப ராத்திரி சாப்புட்டப்புறம் ஒரு மணி நேரம் கழட்டி வெச்சர்றேன், அப்பவே சார்ஜும் போட்டுக்கலாம். பேட்டரி 14 நாள்னு போட்டிருந்தது, எனக்கு 8 நாள் வருது, நாடி எந்நேரமும் பாக்கற மாதிரி வெச்சிருக்கறதால.

வாங்குன கடை பத்தி ஒரு வார்த்தை சொல்லலீன்னா மனசு ஆறாது. இதோட சார்ஜர் காந்தம் மாதிரி ஒட்டற ஒரு சின்ன வயரு, சாதா போன் சார்ஜர் இதுக்கு ஆகாது. அஞ்சாவது மாசம் அது வேலை செய்யல. பில்லோட போனேன், வாரண்டி ஒரு வருசம். கவுண்டர்ல இருந்த தம்பி பேண்டுக்குத்தான் வாரண்டி, பட்டைக்கும் வயருக்கும் இல்லைங்கறாரு. பில்லுல எங்கய்யா எழுதியிருக்குதுன்னா கம்பெனிக்காரனைக் கேளுங்கங்கறாரு, கம்பெனிக்கு அடிச்சா இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்குது. மூணு தடவை நடந்தேன், அந்த அடியெல்லாம் பேண்டுல ஏறல, சார்ஜ் இல்லாமச் செத்துக் கெடந்துது. கடைசியில அதே தெருவுல பிளாட்பாரத்துல கவர் விக்கற பையன் 150 ரூவாய்க்குக் குடுத்தான், இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ஆப்பு தமிழ்ல இல்லை, எழுத்து எறும்பு சைஸு. கண்ணாடி போட்டாலும் பேண்டு ஸ்கிரீன்ல மணியும் அடியும் மட்டும் தெரியும், மத்ததெல்லாம் போன்லதான். மொதல்ல இன்ஸ்டால் பண்றப்ப போன்ல இருக்கற நம்பர் எல்லாத்தையும் பாக்கட்டுமா, எங்க போறீங்கன்னு பாக்கட்டுமான்னு வரிசையா அனுமதி கேக்கும், எல்லாத்துக்கும் சரி போடாதீங்க, புளூடூத்தும் அறிவிப்பும் மட்டும் குடுத்தாலே அடி, தூக்கம், அலாரம் மூணும் எனக்கு வேலை செய்யுது.

யாரு வாங்கலாம்னா, ஊட்டுல போன் செட்டப் பண்ணிக் குடுக்க ஒரு சின்ன வயசு ஆளு இருந்து, நம்பரை நம்பராப் பாக்கற பக்குவம் இருந்தா வாங்கலாம். தடி ஊணி நடக்கறவங்க, வாக்கர் வெச்சு நடக்கறவங்களுக்கு அடிக் கணக்கு சுத்தமா ஒத்து வராது, வீண் மன வருத்தம், வேண்டாம். நெஞ்சு வலி, படபடப்புன்னு பயந்து வாங்கறவங்களும் வேண்டாமுங்க, அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி ஈசிஜி எடுங்க.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் போடறேன். அந்தக் கடைக்கு ஒண்ணு கூட இல்லை. கறுப்புப் பட்டையே வாங்குங்க, நான் பொண்ணு சொல்லுச்சுன்னு ஆரஞ்சு எடுத்து, நல்லெண்ணெய் எறங்கி இப்ப அது என்ன கலர்னு சொல்ல முடியல. வயரு மட்டும் மொதல்லயே ரெண்டு வாங்கி வெச்சுக்கோங்க.